கணவர் கையெழுத்து இல்லாமல் பிள்ளைகளின் படிப்புக்கு அரசு உதவி கிடைக்குமா?

கேள்வி: ஈரோடு மாநகரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கணவர் பிரிந்து போய் ஆறு வருடம் ஆகிறது. விவாகரத்து வாங்கவில்லை. ஜவுளிக் கடையில் வேலை, மாதம் 7,500 ரூபாய் சம்பளம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூ முடித்துவிட்டாள். அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். சேரப் போகிறாள். மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. எங்கே போய்க் கேட்டாலும் "வீட்டுக்காரர் வருமானம் என்ன, அவர் கையெழுத்து எங்கே" என்கிறார்கள். எங்களுக்கு என்னென்ன உதவி கிடைக்கும், எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: கீழே சொல்லும் உதவிகளுக்குத் தாயே பாதுகாவலராகக் கையெழுத்துப் போட்டால் போதும். கணவர் உங்களோடு இல்லை என்பதற்கு ஒரு தாள் மட்டும் வேண்டும். அது கையில் இல்லாததால்தான் ஒவ்வொரு மேசையிலும் அவரைத் தேடுகிறார்கள். ஆகவே திட்டங்களைத் தேடி ஓடுவதற்கு முன் ரேஷன் கார்டு, வருமானச் சான்று, கைவிடப்பட்டவர் சான்று, வங்கிக் கணக்கு ஆகிய நான்கையும் இதே வரிசையில் சரி செய்யுங்கள். வரிசை மாறினால் ஒன்றுக்காக இன்னொன்று திரும்பி வரும்.

ரேஷன் கார்டில் கணவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர் கணவர் வருமானத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். அலுவலரைக் குறை சொல்ல முடியாது, அவர் முன்னால் இருக்கும் ஆவணம் அப்படிச் சொல்கிறது. விவாகரத்துத் தீர்ப்பு இருந்தால்தான் பெயரை நீக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரிந்து வாழும் பெண்களுக்கு, தீர்ப்பு இல்லாவிட்டாலும், நேரில் விசாரித்துத் தனி அட்டை வழங்கலாம் என்று தமிழக அரசு 2021-லேயே சொல்லிவிட்டது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வருமானச் சான்று. உங்கள் விஷயத்தில் அதிகக் கவனம் வேண்டியது இங்கேதான். மாதம் 7,500 என்றால் ஆண்டுக்கு 90,000. மகனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவிக்கு (மாதம் 4,000 ரூபாய் தரும் மிஷன் வாத்சல்யா, கீழே சொல்கிறோம்) நகர்ப்புற வரம்பு 96,000. நடுவில் இருப்பது 6,000 ரூபாய்தான். இ-சேவை மையத்தில் விவரம் நிரப்புபவர் "ஒரு லட்சம்னு போட்டுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்று சொல்வது வழக்கம். அந்த ஒரு வார்த்தையில் மாதம் 4,000 ரூபாய் கைவிட்டுப் போகும். கடை முதலாளியிடம் மாதச் சம்பளம் இவ்வளவு என்று முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி, அதை ஸ்கேன் செய்து இணைக்கச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் திரையில் தொகையைப் படித்துப் பாருங்கள். கட்டணம் 60 ரூபாய். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வையுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்கிறோமே தவிர, குறைத்துப் போடச் சொல்லவில்லை. கள விசாரணையில் பொய் தெரிந்தால் எல்லா மனுவும் சேர்ந்து விழும்.

மூன்றாவது, 'கணவனால் கைவிடப்பட்ட பெண்' என்ற சான்று. அந்தச் சொல் மனதைக் குத்தும், தெரியும். அதற்காகவே இதை வாங்காமல் வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. ஆனால் விவாகரத்து ஆகாத உங்களைப் போன்றவர்களுக்கு எல்லாக் கதவுக்கும் சாவி இதுதான். இதுவும் இ-சேவை வழியாகத்தான். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு வட்டாட்சியர் வழங்குவார். ஆதார், ரேஷன் கார்டு, திருமணம் நடந்ததற்கு ஆதாரமாகப் பத்திரிகையோ புகைப்படமோ எடுத்து வையுங்கள். எப்போதாவது மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கியிருந்தாலும், ஜீவனாம்ச வழக்குப் போட்டிருந்தாலும், அந்த நகல் மிகவும் உதவும்: எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள் என்பதை அது சொல்லிவிடும். விசாரணைக்கு வரும்போது அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். நீங்கள் பகல் முழுக்கக் கடையில் இருப்பீர்கள். உங்கள் நிலை தெரிந்த இரண்டு வீடுகளில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீடு பூட்டியிருந்தது என்று ஒரு வரி எழுதி மனுவைத் திருப்பிவிட இடம் கொடுக்காதீர்கள்.

வங்கிக் கணக்கில் நடக்கும் கோளாறு தனி. "பணம் போட்டாச்சுன்னு காட்டுது, ஆனா வரல" என்ற புகார் எங்கும் கேட்பது. ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்திருப்பது ஒன்று. அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் ஏற்றியிருப்பது இன்னொன்று. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக நடக்காது. ஓர் ஆதாருக்கு அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வங்கிதான் இருக்கும், கடைசியாக ஏற்றியது எதுவோ அதுதான். சிம் கார்டு வாங்கும்போதோ மொபைல் கடையிலோ கைரேகை வைத்துத் திறந்த, நீங்கள் மறந்தே போன கணக்கில் பணம் போய் உட்கார்ந்திருக்கலாம். ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால் வங்கியின் பெயர் தெரியும். வேறு வங்கி காட்டினால், உங்களுக்கு வேண்டிய கிளையில் இதற்கென உள்ள படிவத்தைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கல்லூரி உதவி மகளின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வரும், உங்கள் கணக்குக்கு வராது. அவளுடைய ஆதார், மதிப்பெண் சான்று, பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'ச. நித்யா', இன்னொன்றில் 'நித்யா சங்கர்' என்று இருந்தால் கணினி இரண்டு ஆளாகத்தான் பார்க்கும். கணவர் மேலுள்ள வருத்தத்தில் பிள்ளையின் இனிஷியலை இப்போது ஆதாரில் மட்டும் மாற்றிவிடாதீர்கள். தாயின் இனிஷியலை வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் மாற்றுவதென்றால் எல்லா ஆவணத்திலும் மாற்ற வேண்டும், அதை உதவித்தொகை மனுவுக்கு நடுவில் செய்யக் கூடாது.

இனி மகள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பட்டப்படிப்பு முடியும் வரை. 2022-ல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு வருமான வரம்பே கிடையாது, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் கிடைக்கும். தனியாகப் போய் மனு கொடுக்கத் தேவையில்லை. கல்லூரியில் இதற்கென ஒரு பேராசிரியர் பொறுப்பில் இருப்பார், அவரிடம் எமிஸ் எண்ணோடு (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) பதிய வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். தொலைதூரக் கல்விக்கு இது கிடையாது. இடையில் ஓரிரு வருடம் தனியார் பள்ளியில் படித்திருந்தால் பெயர் விடுபட்டுவிடும். கல்வி உரிமைச் சட்ட (ஆர்.டி.இ.) ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இருந்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதே தொகை ஆண் பிள்ளைகளுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' என்ற பெயரில் வருகிறது. அதனால் உங்கள் மகனைப் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலிருந்து மாற்றாதீர்கள்.

இதோடு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகள் தருவது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போதும். கல்லூரி வழியாக, யுமிஸ் என்ற கல்லூரி மாணவர்களுக்கான அரசு இணையதளத்தில் மனு போட வேண்டும். இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். முதல் வருடம் வந்த பணம் அடுத்த வருடம் நின்று போவது பெரும்பாலும் புதுப்பிக்க மறந்ததால்தான். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புக்கு மனம் இருந்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு மூலம் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கலந்தாய்வுக்கு வெளியே, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை போய்விடும். "சீட் வாங்கித் தருகிறேன்" என்று வருபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மகனுக்குத்தான் நீங்கள் உடனே ஓட வேண்டும். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு: ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. தாய் கைம்பெண்ணாகவோ, விவாகரத்தானவராகவோ, குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருக்கலாம். வருமானம் கிராமத்தில் 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள். மேலே அந்த 6,000 ரூபாய்க்காக அவ்வளவு சொன்னது இதற்குத்தான். மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுங்கள்; எங்கே என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள், குழந்தைகள் உதவி எண் 1098-லும் கேட்கலாம். மகனின் ஆதார், பிறப்புச் சான்று, பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, அவன் பெயரில் கணக்கு, உங்கள் இரண்டு சான்றுகள் வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுவார், பிறகு ஒப்புதல் குழு முடிவு செய்யும். ஒதுக்கிய நிதிக்கு ஏற்பத்தான் குழந்தைகளை எடுக்க முடியும் என்பதால் காத்திருக்க நேரிடலாம். மனு உள்ளே போன தேதி முக்கியம். கிடைத்த பிறகு பையன் பள்ளிக்கு ஒழுங்காகப் போக வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். மகளுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்றால் அவள் பெயரிலும் மனு கொடுங்கள்; சில மாதப் பணமாவது வரும்.

இதை 'அன்புக் கரங்கள்' திட்டத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2025 செப்டம்பரில் தொடங்கிய அதில் மாதம் 2,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவரும் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் உரியது அது. கணவர் உயிரோடு பிரிந்திருப்பதால் உங்களுக்குப் பொருந்தாது. அதற்கு மனுப் போட்டு நாளை வீணாக்க வேண்டாம்.

மகன் எட்டாம் வகுப்பில் இருப்பது நல்ல நேரம். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு எழுதத் தகுதியான ஒரே வகுப்பு அது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000, நான்கு வருடத்தில் 48,000. பெற்றோர் வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும்; ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50. மனத்திறன் 90 வினா, பாடத்திறன் 90 வினா. பாடப் பகுதி ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகங்களிலிருந்து வரும். பிள்ளைகள் தடுமாறுவது மனத்திறனில்தான், அந்த மாதிரிக் கேள்வியைப் பள்ளியில் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய வினாத்தாள்களைத் தினமும் அரை மணி நேரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர்தான் ஏற்ற வேண்டும், ஆகவே இப்போதே அவரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். தேர்வான பிறகு தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிவதும், ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் தனி வேலை. தேர்ச்சிப் பட்டியலில் பெயர் வந்தும் இதைச் செய்யாமல் பணத்தை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எந்த அலுவலகத்திலாவது மறுபடியும் "கணவர் வர வேண்டும்" என்று சொன்னால், எந்த விதிப்படி என்று எழுதித் தரும்படி அமைதியாகக் கேளுங்கள். மனுவின் நகலும் ஒப்புகையும் கையில் இருக்கட்டும். பள்ளி சார்ந்த சிக்கலுக்கு 14417, மற்றவற்றுக்கு முதலமைச்சரின் உதவி மையம் 1100. வரும் திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போய் ரேஷன் கார்டு மனுவைக் கொடுத்துவிடுங்கள்.