செவலுக்கு அடியில் கரிசல்

கேள்வி: கோவில்பட்டி புறநகரில் 4 சென்ட் மனை விலைக்கு வருகிறது. மனைப்பிரிவு முழுக்கச் செம்மண் பரப்பி, கல் நட்டு, பார்க்க அம்சமாக இருக்கிறது. பக்கத்து மனையில் வீடு கட்டி மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்குள் ஜன்னல் மூலைகளில் விரிசல். கொத்தனார் வேலை சரியில்லை என்கிறார் தரகர். முன்பணம் கொடுக்கலாமா?
– வாசகி, சாத்தூர்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள், சகோதரி. நீங்கள் பார்த்த செம்மண் லாரியில் வந்ததாக இருக்கலாம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் வெகுகாலம் மண் பரிசோதனை வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: அங்கே செவல் என்று காட்டும் மனைகள் பலவற்றில் ஓர் அடி தோண்டினாலே கரிசல் வந்துவிடும்.

கொத்தனாரைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். கோடையில் அகலும் விரிசல், ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் தானாக மூடிக்கொள்கிறதா? மழை நாளில் கதவு நிலையில் இடிக்கிறதா? ஆமாம் என்றால் காரணம் பெரும்பாலும் மண்தான். கரிசலில் உள்ள களி ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கரிசல் நிலங்கள் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே அசைவுதான் வீட்டையும் தூக்கி இறக்குகிறது. கனமான கட்டடத்தைவிட ஒற்றைத் தள வீட்டுக்கு இதில் பாதிப்பு அதிகம். மண் மேலே தள்ளும்போது அதை அமுக்கி வைக்க எடை போதாது. "கீழ்த்தளம் மட்டும்தானே, இதற்கு எதற்கு மண் பரிசோதனை" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. ஆயுள் சேமிப்பைப் போட்டுக் கட்டுகிறவர்கள் அந்த ஒற்றைத் தள வீட்டுக்காரர்கள்தான்.

உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, ஜேசிபி வரவழைத்து, வீடு வராத ஓரமாகப் பத்தடிக்கு ஒரு குழி எடுங்கள். குழிக்குள் இறங்க வேண்டாம், பக்கம் சரிந்துவிடும். மேலே வந்த கட்டிகளை உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தால், அது வருடாவருடம் உப்பிச் சுருங்கி ஒன்றோடொன்று உரசிய மண். கருப்பு எத்தனை அடியில் முடிகிறது, அதற்குக் கீழே சுக்கானா (சுண்ணாம்புக் கல்), சரளையா, பாறையா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரச் செலவே அதில்தான் இருக்கிறது.

அந்தக் கரிசலில் இரண்டு கிலோவைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து, உப்பல் அளவு கேளுங்கள். உலர்த்திச் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றதில் காய்ச்சி வடித்த நீரும் ஊற்றி 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அங்கே 10 மில்லியில் நிற்கிற மண், தண்ணீரில் 16 மில்லிக்கு ஏறியிருந்தால் உப்பல் 60 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே மிக மோசமான வகை.

கரிசல் என்றால் வாங்கவே கூடாது என்பதில்லை. கருப்பு நாலைந்து அடியில் முடிந்தால் அதைத் தாண்டிக் கெட்டி மண்ணில் அஸ்திவாரம் உட்காரலாம். ஆழமாகப் போனால் அண்டர் ரீம் பைல் போட வேண்டும். அடிப்பகுதி குமிழாக அகன்ற கான்கிரீட் தூண் அது. இந்த மாதிரி மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த முறை. ஈரம் ஏறி இறங்குவது பெரும்பாலும் மூன்றரை மீட்டர் ஆழத்துக்குள்தான். தூணின் பாதம் அந்த ஆழத்துக்குப் போய்விட்டால் மேல் மண் ஆடினாலும் வீடு நிற்கும். தூண்களை இணைக்கும் பீம் மண்ணைத் தொடாமல் இடைவெளி விட்டு வர வேண்டும். அஸ்திவாரக் குழியில் ஆற்று மணலை நிரப்பினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். மழைத் தண்ணீர் மணலில் தங்கி, அடியில் உள்ள கரிசலை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். பைல் செலவைப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்கி, அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. கிராமத்து நில விவரங்களை எழுதி வைக்கும் 'அ' பதிவேட்டில் உங்கள் புல எண்ணுக்கு நேரே 'மண் வயனமும் ரகமும்' (மண்ணின் வகையும் தரமும்) என்று ஒரு கலம் இருக்கும். அதில் எண்கள்தான் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் விளக்கம் கேளுங்கள். லாரி மண் வருவதற்கு வெகு முன்பே எழுதியது அது.

கேள்வி: வீட்டுக் கொல்லையில் மல்லிகையும் எலுமிச்சையும் வைத்தேன். எரு போட்டும் தளிர் மஞ்சளாகவே வருகிறது. நரம்பு மட்டும் பச்சை. மண் கரிசல்தான்.
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: நீங்கள் சொல்கிற அடையாளம் இரும்புச் சத்துக் குறை. கரிசலில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்திருப்பதால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. ஒரு கட்டி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள், சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். மண்ணையும் பாசனத் தண்ணீரையும் சேர்த்தே பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் எரு எவ்வளவு போட்டாலும் பிரயோசனம் இல்லை. மாதிரி எடுக்க, சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, அதன் ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சுரண்டுங்கள். பல இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ போதும். எருக்குழி பக்கத்தில் எடுக்கக் கூடாது.

கேள்வி: பக்கத்து மனைக்காரரிடம் மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறது. அதுவே எனக்கும் போதாதா?
– வாசகர், விருதுநகர்

பதில்: போதாது. ஊரை ஒட்டிய மனைகள் பலவும் முன்பு தோட்டமாக இருந்தவை. மாடு கட்டி நீர் இறைத்த கமலைக் கிணறுகளைக் குப்பையும் இடிபாடும் போட்டு மூடியிருப்பார்கள். அவருக்குப் பாறையும் உங்களுக்கு அந்தக் கிணறும் வந்து அமையலாம். நில அளவைத் துறையின் புலப்பட (எஃப்.எம்.பி.) நகலில் பழைய கிணறுகளைக் குறித்திருப்பார்கள்; அதை வாங்கிப் பார்த்துவிட்டு, உங்கள் மனையிலேயே துளையிடச் சொல்லுங்கள்.