நாற்பது மணி நேர ஒலிப்பதிவு, கையில் ஆறு மாதம்

கேள்வி: தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 28 பேரிடம் எடுத்த பேட்டிகள், சுமார் 40 மணி நேரம், போனில் இருக்கின்றன. ஏஐயில் போட்டால் ஒரே நாளில் எழுத்தாகிவிடும் என்கிறார் நண்பர். கேட்டுக் கேட்டுக் கையால்தான் எழுத வேண்டும் என்கிறார் நெறியாளர். ஆய்வேட்டைக் கொடுக்க ஆறு மாதம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நெறியாளர் சொல்வது சரி. ஆனால் 40 மணி நேரத்தையும் அப்படி எழுத வேண்டியதில்லை. ஒரு மணி நேரப் பேச்சை ஒழுங்காக எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். மொத்தக் கணக்கு 200 மணி நேரத்தைத் தாண்டும். ஆய்வேட்டில் மேற்கோளாக வரப்போவது அதில் சிறு பகுதி. முதல் வரைவை இயந்திரம் எழுதட்டும். எது எங்கே இருக்கிறது என்று தேட அது போதும். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு வரியையும் நீங்களே கேட்டுத் திருத்துங்கள்.

முதலில் போனில் உள்ளவற்றை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம். இரைச்சல் நீக்குவதென்றாலும் நகலில்தான். உப்பளத்துக் காற்றோடு சன்னமான குரலும் போய்விடும்.

வரைவுக்கு விஸ்பர் போதும். ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட இலவச மென்பொருள், இணையம் இல்லாமல் உங்கள் கணினியிலேயே ஓடும். உங்களுக்கு அதுதான் முக்கியம். கூலியைப் பற்றியும் முதலாளியைப் பற்றியும் உங்களை நம்பிப் பேசியவர்கள் இன்னும் அதே அளத்தில் வேலை பார்க்கலாம். ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் ஏற்றினால் அந்தக் குரல் யாருடைய சர்வருக்கோ போகும். அதற்கு அவர்களிடம் சம்மதம் வாங்கியிருக்கிறீர்களா?

மொழி தமிழ் என்று நீங்களே குறித்துவிடுங்கள். விட்டால் முதல் 30 நொடியை வைத்து அதுவாக ஊகிக்கும். அங்கே காற்றும் லாரிச் சத்தமுமாக இருந்தால் வேறு மொழி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். விஸ்பரில் சிறிதும் பெரிதுமாகப் பல மாடல்கள் உண்டு, தமிழுக்குப் பெரியதுதான் தேறும். சாதாரண லேப்டாப்பில் மெதுவாகப் போகும், இரவில் ஓடவிடுங்கள்.

அப்புறம் திருத்தம். ‘அவிய வந்தாவ’ என்று பேசியது ‘அவர்கள் வந்தார்கள்’ ஆகியிருக்கும். ‘பாத்தி’ ‘பாட்டி’ ஆகியிருக்கும். இவற்றையாவது கண்டுபிடித்துவிடலாம். மௌனம்தான் ஆபத்து. நான் சரிபார்த்த ஒரு பேட்டியில், கணவர் இறந்த நாளைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா பதினோரு நொடி பேசவில்லை. வரைவில் அந்த இடத்தில் ‘நன்றி’ என்று இருந்தது. யாரும் சொல்லாத சொல். பேச்சு நின்ற இடங்களில் விஸ்பர் இப்படி இட்டு நிரப்பும், சில சமயம் முந்தைய வரியையே நாலைந்து முறை எழுதும். அங்கே ‘11 நொடி மௌனம்’ என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

வரைவைச் சாட்பாட்டிடம் கொடுத்து ‘செம்மைப்படுத்து’ என்று கேட்காதீர்கள். பேசியவர் தவறாகச் சொன்னதையும் அது திருத்திவிடக்கூடும். அந்தத் தவறே ஆய்வுக்கு முக்கியமாக இருக்கலாம். இத்தாலியின் டெர்னி நகரில் 1949இல் நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி கொல்லப்பட்டார். பின்னாளில் வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி பேட்டி எடுத்தபோது, பலர் அந்தச் சாவை 1953இன் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். ஏன் அப்படி நினைவில் நின்றது என்பதே அவருடைய ஆய்வாயிற்று. ஆண்டைத் திருத்தியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

திருத்துவதற்கு எலான் (ELAN) என்ற மென்பொருள் நல்லது. நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் உருவாக்கியது, இலவசம். ஒலியும் எழுத்தும் நேரத்தோடு சேர்ந்தே இருக்கும். வரியைத் தொட்டால் அந்தக் குரல் கேட்கும். பேசுபவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, குறிப்புகளுக்கு ஒன்று என்று தனித்தனி அடுக்கு வைத்துக்கொள்ளலாம். போன் கோப்பின் நகலை மட்டும் வேவ் (WAV) ஒலி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு பேட்டியை எடுத்து வரைவு போடுங்கள். நடுவில் பத்து நிமிடத்தைக் கேட்டுத் திருத்தி, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைக் காட்டி நெறியாளரிடம் பேசலாம்.