பைத்தான் எக்ஸப்ஷன்: சொந்த கிளாஸ் எப்போது? கேள்வி பதில்

கேள்வி: வயது கேட்கும் ஃபங்ஷனுக்கு -5 வந்தால் பைத்தானிலேயே இருக்கும் வேல்யூஎரர் என்ற எக்ஸப்ஷன் (நிரல் ஓடும்போது எழும் பிழை) போதுமா, சொந்த எக்ஸப்ஷன் கிளாஸ் எழுதணுமா?

பதில்: வேல்யூஎரர் போதும். வகை சரி, மதிப்பு தப்பு என்றால் அதுதான். எண் வர வேண்டிய இடத்தில் லிஸ்ட் வந்தால், வகையே தப்பு, டைப்எரர். புது கிளாஸ் எழுதும் முன் ஒன்றைப் பாருங்கள்: இந்தப் பிழையை மட்டும் தனியாகப் பிடித்து, வேறு ஏதாவது செய்யப் போகிறவர் உண்டா? -5 அனுப்பியவர் தன் நிரலைத்தான் திருத்த வேண்டும். கணக்கில் இருப்பு போதவில்லை என்பது வேறு கதை. அதைப் பிடிப்பவர் இன்னொரு கணக்கைக் கேட்கலாம். அங்கே சொந்த கிளாஸ் எழுதுங்கள். எவ்வளவு குறைகிறது என்பதையும் ஆட்ரிப்யூட்டாக வையுங்கள், செய்தி வாக்கியத்துக்குள் எண்ணைத் தேட வைக்காதீர்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் பொதுவான எக்ஸப்ஷன் கிளாஸையே ரெய்ஸ் செய்தால் (எழுப்பினால்) என்ன, அண்ணா?

பதில்: பிடிப்பவரும் வெறும் எக்ஸப்ஷனைத்தான் பிடிக்க வேண்டி வரும். வேரியபிள் பெயரைத் தப்பாக அடித்ததால் வரும் நேம்எரரும் அதிலேயே மாட்டி மறைந்துவிடும். கூடவே பாஸ் (எதுவும் செய்யாமல் கடந்து போ) என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

கேள்வி: லைப்ரரி எழுதுகிறேன். பயனர்களுக்கு என் கிளாஸ் மட்டுமே தெரிய வேண்டும், உள்ளே எது உடைந்தாலும் அதற்கு மாற்றிவிடுகிறேன். சரிதானே?

பதில்: பாதி சரி. உங்கள் பிழைகளுக்கெல்லாம் பொதுவான பேஸ் கிளாஸ் (தாய் கிளாஸ்) ஒன்று வையுங்கள். எக்ஸப்ஷனிலிருந்து வரட்டும், அதற்கும் மேலே இருக்கும் பேஸ்எக்ஸப்ஷனிலிருந்து வேண்டாம். மாற்றும்போது ‘ரெய்ஸ் ஃப்ரம்’ போடுங்கள், மூலப் பிழை எது என்பது தெளிவாக நிற்கும். ஆனால் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள்.

கேள்வி: மறுக்கிறேன். கோப்பு இல்லை என்பது என் உள்விவகாரம். என் கிளாஸான கான்ஃபிக்எரர் என்று சொன்னால் போதாதா?

பதில்: போதாது. பைத்தான் 3.3க்கு முன் ஐஓஎரரைப் பிடித்து, எர்ர்நோ என்ற பிழை எண்ணை ஒப்பிட்டுத்தான் கோப்பு இல்லையா, அனுமதி இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும். 3.3ல்தான் ஓஎஸ்எரருக்குக் கீழே ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர், பெர்மிஷன்எரர் என்று பிரித்தார்கள். நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள்.

கேள்வி: அப்போது பேஸ் கிளாஸே எதற்கு?

பதில்: உங்கள் விதிகள் மீறப்படும்போது அது வேண்டும். பழைய பயனர்களின் நிரலும் உடையக் கூடாதென்றால் உங்கள் பேஸ் கிளாஸ், அவர்கள் முன்பு பிடித்த கிளாஸ் இரண்டிலிருந்தும் இன்ஹெரிட் செய்யலாம். 3.5ல் வந்த ஜேசன்டிகோட்எரரை (ஜேசன் தரவைப் படிக்க முடியாதபோது வருவது) பாருங்கள்: வேல்யூஎரரின் பிள்ளைதான். முன்பு வேல்யூஎரரைப் பிடித்த கோட் அப்படியே ஓடியது, புதிதாகப் பிடிப்பவருக்கு வரி எண்ணும் கிடைத்தது. வாதம் இதோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஜாவாவில் செக்ட் எக்ஸப்ஷன் (பிடிக்கவோ அறிவிக்கவோ கம்பைலர் கட்டாயப்படுத்தும் வகை) நல்லதா?

பதில்: ஜாவாக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: மின்னஞ்சல் வடிவம் தப்பானால் வேல்யூஎரரா, சொந்தமா?

பதில்: முதல் பதில். வயதை அழித்துவிட்டு மின்னஞ்சல் என்று படியுங்கள்.

கேள்வி: டிரை-எக்ஸப்ட்-பாஸ் சில இடத்தில் பரவாயில்லைதானே?

பதில்: குறிப்பிட்ட ஒரு பிழையைப் பிடித்தால் சரி. மொத்தமாகப் பிடித்தால் இல்லை. இன்னொரு முறை கேட்காதீர்கள்.

கேள்வி: என் எக்ஸப்ஷன் தனியாக நன்றாக வேலை செய்கிறது. மல்டிபிராசஸிங் பூலுக்குள் (வேலையைப் பல பிராசஸ்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) எழுந்தால் நிரல் தொங்கிவிடுகிறது. இனிட்டில் பிழைக் குறியீடு, செய்தி என்று இரண்டு ஆர்க்யூமெண்ட். சூப்பருக்கு (தாய் கிளாஸுக்கு) செய்தியை மட்டும் அனுப்புகிறேன்.

பதில்: அப்பாடா, புதுக் கேள்வி. சூப்பருக்குப் போனதுதான் ஆர்க்ஸ் என்ற ஆட்ரிப்யூட்டில் தங்கும். பிராசஸ்களுக்கிடையே எக்ஸப்ஷன் பிக்கிள் என்ற பொதியாகப் போகும். அடுத்த பிராசஸ் பிக்கிளைப் பிரிக்கும்போது அந்த ஆர்க்ஸை வைத்தே உங்கள் கிளாஸை மறுபடி கூப்பிடும். இரண்டு கேட்கும் இனிட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும், டைப்எரர். சூப்பருக்கு இரண்டையும் அனுப்புங்கள், அச்சாகும் வாக்கியத்துக்கு எஸ்டிஆர் மெத்தடைத் தனியாக எழுதுங்கள்.