புதுச் சாலைக்குக் கட்டணம் வைப்பது பற்றி

கொழும்புக்குள் வரும் புது மேம்பாலச் சாலையின் கட்டுமானச் செலவை வாகன எண்ணிக்கையால் வகுத்துக் கட்டணம் வைக்கலாமா என்று உங்கள் ஆய்வுக்காகக் கேட்டிருந்தீர்கள். அப்படி வைத்தால் கடன் அடையலாம், நெரிசல் குறையாது. இரவு பதினொரு மணிக்கு வருபவரும் காலை எட்டு மணிக்கு வருபவரும் ஒரே காசு கட்டினால், யார்தான் நேரத்தை மாற்றுவார்? காலையில் நுழையும் ஒவ்வொரு காரும் பின்னால் வரும் அத்தனை பேரையும் தாமதிக்க வைக்கிறது. அந்தத் தாமதத்துக்குத்தான் விலை வைக்க வேண்டும்.

சிங்கப்பூர் இதை 1975இலேயே தொடங்கியது. 1998 முதல் நேரத்துக்கேற்ப மின்னணுக் கட்டணம். ஸ்டாக்ஹோமில் 2006இல் பரீட்சித்தபோது நகரெல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்தன. ஆனால் அங்கெல்லாம் காரை விட்டவர் ஏற பஸ்ஸும் ரயிலும் இருந்தன. நம் வெள்ளவத்தையில் காலையில் மிதிபலகையில் ஆட்கள் தொங்க வரும் 100ஆம் இலக்க பஸ், ஒற்றை ஆள் ஓட்டும் கார்களுக்குப் பின்னால் நிற்கிறது. எனக்கு இதுதான் பெரிய அநியாயம். வசூலில் ஒரு பங்கை பஸ் தடத்துக்கு ஒதுக்கும்படி கட்டாயம் எழுதுங்கள்.

இன்னொன்று, பாலம் இறங்கும் சந்தியை முதலில் கணக்கெடுங்கள். மேலே மிச்சம்பிடித்த நிமிடங்கள் அந்தச் சிக்னலிலேயே போய்விடும்.