ஈதர்நெட் ஸ்விட்ச்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் கேபிள் இழுத்து நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். பல கணினிகளைக் கேபிள் வழியே ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான ஸ்விட்ச் பற்றி வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேள்வி கேட்டவர்களில் பலர் பெட்டியைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் கேபிளைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: ஐயா, என் ரவுட்டரில் கணினிக் கேபிள் செருகும் லான் போர்ட்டுகள் நான்குதான் உள்ளன. ஸ்விட்ச் வாங்கி மாட்டினால் இணைய வேகம் குறைந்துவிடுமா?

குறையாது, கூடவும் செய்யாது. இணைய இணைப்பைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் வேகம் பங்காகும். அது ஸ்விட்ச் இல்லாவிட்டாலும் நடக்கும். ஆனால் வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் படங்களை நகலெடுத்தால், இரண்டும் ஸ்விட்சில் இருக்கும்வரை அந்தப் போக்குவரத்து ரவுட்டர் பக்கமே போகாது.

வாங்கும்போது அட்டைப் பெட்டியில் எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கில் போட்டிருக்கும் வேகத்தைப் படியுங்கள். 10/100 என்று மட்டும் இருந்தால், நீங்கள் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் ஒரு கணினிக்கு 100-க்கு மேல் வராது. 10/100/1000 (ஜிகாபிட்) என்று இருப்பதையே வாங்குங்கள். ரவுட்டரின் லான் போர்ட்டிலிருந்து ஸ்விட்சின் ஏதாவது ஒரு போர்ட்டுக்குக் கேபிள் போட்டால் வேலை முடிந்தது. எந்த அமைப்பும் செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கிறேன் அண்ணா. எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்சுக்கு எப்படித் தெரிகிறது?

நல்ல கேள்வி தம்பி. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி என்ற அடையாள எண் உண்டு. தரவு கேபிளில் ஃப்ரேம் என்ற சிறு பொட்டலங்களாகப் போகும்; ஒவ்வொரு ஃப்ரேமிலும் அனுப்புநர், பெறுநர் இருவரின் முகவரியும் இருக்கும்.

உன் கணினி 2-ஆம் போர்ட்டிலும் பிரிண்டர் 5-ஆம் போர்ட்டிலும் இருக்கின்றன, ஸ்விட்சை இப்போதுதான் இயக்கியிருக்கிறாய் என்று வைத்துக்கொள். கணினியிலிருந்து முதல் ஃப்ரேம் வந்ததும், ஸ்விட்ச் அனுப்புநர் முகவரியைப் பார்த்து அது 2-இல் இருப்பதாகத் தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. பிரிண்டர் எங்கே இருக்கிறது என்பது அதற்கு இன்னும் தெரியாது. ஆகவே வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அந்த ஃப்ரேமை அனுப்புகிறது. பிரிண்டர் பதில் அனுப்பியதும் 5-ஆம் போர்ட்டும் பதிவாகிவிடுகிறது. அதன்பின் இருவருக்குமான பேச்சு மற்ற போர்ட்டுகளுக்குப் போகாது. ஒரு முகவரியிலிருந்து வழக்கமாக 5 நிமிடம் எதுவும் வராவிட்டால் அந்தப் பதிவு அழிந்துவிடும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால், அங்கிருந்து ஒரு ஃப்ரேம் வந்த உடனே பதிவு திருத்தப்படும்.

ஸ்விட்சுக்கு முன் இருந்த இணைப்புப் பெட்டியான பழைய ஹப் இப்படிச் செய்யாது. எது வந்தாலும் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதல்தான். 1990-இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஈதர்நெட் ஸ்விட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு ஹப்பின் காலம் மெல்ல முடிந்தது. அந்த நிறுவனத்தை 1994-இல் சிஸ்கோ வாங்கியது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் கவனித்துக் கவனித்தே கற்றுக்கொள்ளும் ஸ்விட்சின் இந்த எளிய முறை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கேள்வி: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். நேற்று திடீரென்று பில் போடும் கணினிகள் எல்லாம் நின்றுவிட்டன. ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒன்றாக, வெறிபிடித்ததுபோல் சிமிட்டின. அணைத்துப் போட்டால் சில விநாடிகள் சரியாகி மறுபடி அதே கதை. பெட்டி பழுதாகிவிட்டதா?

புதிய பெட்டி வாங்கிவிடாதீர்கள். நீங்கள் சொல்வது வளையத்தின் அடையாளம். மேசைக்கடியில் தொங்கிய கேபிள் முனையை யாரோ நல்ல மனத்துடன் காலிப் போர்ட்டில் செருகியிருப்பார்கள். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்சில் இருந்திருக்கும். எல்லோருக்குமான பிராட்காஸ்ட் ஃப்ரேம் ஒரு முனையில் வெளியேறி மறுமுனையில் உள்ளே வரும், மறுபடி எல்லாப் போர்ட்டுக்கும் போகும். ஈதர்நெட் ஃப்ரேமில் 'இத்தனை தாவலுக்குப் பின் செத்துவிடு' என்று சொல்லும் எண் கிடையாது. அதனால் சுற்றிக்கொண்டே இருந்து மற்ற எல்லாவற்றையும் மூச்சுத் திணற வைக்கும்.

கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது விளக்குகள் அமைதியாகின்றனவோ அதுதான் குற்றவாளி. இதைத் தானாகவே தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையை 1985-இல் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் வடிவமைத்தார். விலை குறைந்த சாதாரண ஸ்விட்சுகளில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது.

கேள்வி: ஜிகாபிட் ஸ்விட்ச், ஜிகாபிட் கணினி. ஆனாலும் 100 எம்பிபிஎஸ் என்றே காட்டுகிறது. ஏன்?

கேபிள்தான். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். நீலமோ பழுப்போ ஒரு கம்பி கிரிம்ப்பில் (கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவதில்) சரியாக உட்காராவிட்டால், பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இரு முனைகளிலும் இந்த வரிசையில் மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

அப்படியும் சரியாகாவிட்டால் ஒரு கம்பியின் தோலை நீக்கி, பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்கடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். அதைக் கேட்6 (ஜிகாபிட்டுக்கு ஏற்ற கேபிள் தரம்) என்று விற்பது அநியாயம். மின்தடை அதிகம், வளைத்தால் ஒடியும். பிடுங்கி எறிந்துவிட்டு முழுச் செம்புக் கேபிள் போடுங்கள்.

கேள்வி: கேபிள் வழியே மின்சாரமும் தரும் பிஓஇ ஸ்விட்சில் எட்டு கேமராக்கள். பகலில் நன்றாக ஓடுகின்றன. இரவில் ஒன்றிரண்டு அணைந்து அணைந்து எரிகின்றன.

இரவானதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், மின்தேவை ஏறும். 2003-இல் வந்த முதல் பிஓஇ தரப்படி ஒரு போர்ட் அதிகபட்சம் 15.4 வாட் தரலாம். ஆனால் எட்டுப் போர்ட்டுக்கும் சேர்த்து உங்கள் ஸ்விட்ச் எவ்வளவு தரும் என்பது தனிக்கணக்கு. அது 60 வாட்டாக இருந்து, கேமரா ஒவ்வொன்றும் இரவில் 9 வாட் இழுத்தால் 72 ஆகிவிடும். கேமராவின் அடியில் ஒட்டியுள்ள வாட் அளவைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு கேமராக்களைத் தனி அடாப்டருக்கு மாற்றினாலே தீரலாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இரண்டு கட்டடங்கள், இடையில் 140 மீட்டர். ஒரே கேபிளாக இழுக்கலாமா?

கூடாது. செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்தால் தூரம் தீரும், ஆனால் அதையும் நான் செய்ய மாட்டேன். திறந்தவெளியில் போகும் செம்பு, இடி விழும்போது இரு கட்டடங்களின் கருவிகளையும் சேர்த்து எரித்துவிடும். கோடை மழை முடிந்ததும் இப்படிக் கருகிய போர்ட்டுகளுடன் என்னிடம் வருகிறவர்கள் அதிகம். ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழையான ஃபைபர் இழுங்கள். இரு முனைகளிலும் ஃபைபருக்கான எஸ்எஃப்பி போர்ட் உள்ள ஸ்விட்சோ, ஃபைபரைச் செம்புக் கேபிளுடன் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டரோ வைத்தால் போதும். ஃபைபரைத் தாங்க எஃகுக் கம்பி இருந்தால், அதைக் கட்டடத்துக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே நிறுத்தி நில இணைப்புக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் அவசியமா ஐயா?

பத்துக் கணினி உள்ள கடைக்கு வேண்டாம். பள்ளி என்றால் வேண்டும். மாணவர் ஆய்வகமும் கட்டணக் கணக்குக் கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலான் அமைத்து அவற்றைப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய ரவுட்டர் சும்மா கிடக்கிறது. ஸ்விட்சாகப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. முதலில், கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் அதன் டிஎச்சிபி வசதியை அணையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ரவுட்டர்கள் போட்டிபோட்டு ஐபி முகவரி கொடுக்கும், சில கணினிகளில் மட்டும் இணையம் வராது. அதன் சொந்த ஐபி முகவரி முதல் ரவுட்டருடையதாக இருந்தால் மாற்றுங்கள். பிறகு முதல் ரவுட்டரின் லான் போர்ட்டிலிருந்து இதன் லான் போர்ட்டுக்கே கேபிள் போடுங்கள், இதில் இணைய இணைப்புக்கான வான் போர்ட்டைக் காலியாக விடுங்கள்.