வெற்றிலைக்குள் மடித்த காசு

வணக்கம் அண்ணா,

என் மகள் தரம் நான்கில் படிக்கிறாள். மூன்றாம் தவணை முடியப் போகிறது. வகுப்பாசிரியைக்கு ஒரு மோதிரம் வாங்கிக் கொடுப்பதென்று தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் முடிவாகிவிட்டது. ஆளுக்கு 2,500 ரூபாய். மொத்தம் 38 பிள்ளைகள். காசு கொடுத்தவரின் பெயருக்கு நேரே பச்சை அடையாளம் போட்டு ஒவ்வொரு மாலையும் பட்டியல் வருகிறது. என் பெயருக்கு நேரே இன்னும் ஒன்றும் இல்லை. கணவர் மேசன் வேலை செய்கிறார். இந்த மழைக்கு வேலையும் இல்லை. ஆனாலும் அவர்தான் சொல்கிறார், "கடன் வாங்கியாவது கொடு. அடுத்த வருடமும் அதே ரீச்சர்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு வழக்காட முடியுமா?" லண்டனில் இருக்கும் மச்சாள், அங்கேயும் வருட முடிவில் ஆசிரியர்களுக்குக் கொடுப்பது வழமைதான், இதில் என்ன இருக்கிறது என்கிறார். குழுவில் ஒருவர் "உறுபொருள் கொடுத்தும் கற்றல் நன்றே" என்று புறநானூற்றை எடுத்துப் போட்டார். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. ரீச்சர் நல்லவர், நன்றாகப் படிப்பிக்கிறார். நான் கொடுக்க வேண்டுமா?

ஓர் அம்மா, கோண்டாவில், யாழ்ப்பாணம்

*

அன்புள்ள தங்கைக்கு,

கொடுக்க வேண்டாம். கடன் வாங்கிக் கொடுக்கவே வேண்டாம்.

குழுவை வாயடைக்க வைத்த அந்தப் பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். புறநானூற்றில் 183ஆவது பாட்டு. பாடியவர் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், பாண்டிய அரசன். உறுபொருள் கொடுக்க அவருக்கு அரண்மனைக் களஞ்சியம் இருந்தது, மழைக்காலத்து மேசனின் வீட்டிலிருந்து அவர் பேசவில்லை. அது போகட்டும். அந்த வரிக்குச் சற்றுக் கீழே அவரே இன்னொன்றும் சொல்கிறார்: "பிறப்போ ரன்ன உடன்வயிற் றுள்ளும் சிறப்பின் பாலால் தாயும்மனந் திரியும்." ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குள்ளேயே, கல்வியில் சிறந்தவன் பக்கம் தாயின் மனம்கூடச் சாய்ந்துவிடுமாம். கல்வியின் பெருமைக்காகத்தான் அரசர் அதைச் சொன்னார். நான் அதை வேறு கண்ணால் வாசிக்கிறேன். பெற்ற தாயின் மனமே திரியும் என்றால், 38 பிள்ளைகளை வைத்திருக்கும் ஓர் ஆசிரியையின் மனம் திரியாதா? அவர் நல்லவராக இருந்தாலும் திரியும். தனக்கே தெரியாமல் திரியும்.

இதை நான் பிறர் மேல் வைத்துச் சொல்லவில்லை. 1991இல் நானும் தரம் நான்கில் இருந்தேன். போரில் யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் வராமல் தடுத்த பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் கண்ணில் காண அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டெண்ணெயில் விளக்கெரித்துப் படித்த வருடங்கள் அவை. எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு முருங்கை நின்றது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா ஒரு கட்டு முருங்கைக்காயைத் தென்னோலையால் கட்டி என் கையில் தந்து, "ரீச்சரிடம் கொடு" என்பார். அதில் அம்மாவுக்கு ஒரு கணக்கும் இருந்ததில்லை, காய்த்துக் கொட்டிய மரம். இரண்டாம் தவணையில் நான் வகுப்புத் தலைவன் ஆனேன். என் கெட்டித்தனம் என்றே முப்பது வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன் நல்லூர்த் திருவிழாவில் அக்காலத்து வகுப்புத் தோழன் ஒருவனைக் கண்டேன். கச்சான் கொறித்தபடி சிரித்துக்கொண்டே சொன்னான்: "உனக்கு நாங்கள் என்ன பெயர் வைத்திருந்தோம் தெரியுமா? முருங்கைக்காய் மொனிட்டர்." அவன் வீட்டில் முருங்கை இல்லை.

அந்த ஆசிரியை கெட்டவரில்லை. கணக்கில் எனக்கு ஒரு புள்ளிகூடக் கூட்டிப் போடவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் முன்வாங்கில் இருந்தவன் நான். சந்தேகம் கேட்டால் இரண்டாம் முறையும் சலிக்காமல் விளக்கம் கிடைத்தது எனக்கு. பிள்ளைகளுக்கு இவையெல்லாம் நன்றாகத் தெரியும். பெரியவர்கள்தான் தெரியாதது போல இருக்கிறோம்.

அப்படியானால் குருதட்சணையே தப்பா என்று யாராவது கிளம்புவார்கள். உங்கள் மகளுக்கு ஏடு தொடக்கிய நாளை நினைத்துப் பாருங்கள். விஜயதசமியன்று தாம்பாளத்தில் பரப்பிய பச்சையரிசியில் அவள் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்திருப்பார்கள். முடிந்ததும் வெற்றிலை பாக்குக்குள் காசை மடித்துக் கொடுத்திருப்பீர்கள். எவ்வளவு மடித்தீர்கள்? பக்கத்தில் நின்ற தாய்க்குத் தெரியாது. வாங்கியவரும் அந்த இடத்தில் விரித்துப் பார்க்கவில்லை. இருபது ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் வெற்றிலை ஒன்றுதான். நம் பாட்டன் பூட்டன் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கையில் வந்து சேர்ந்திருக்கும் வழக்கம் அது. உங்கள் குழு நடத்துவது அதற்கு நேர் எதிரானது. தொகையைக் குறித்து, பெயரைக் குறித்து, கொடுக்காதவரை மாலைதோறும் வெளிச்சத்தில் நிறுத்துகிறார்கள். அதைக் கோவில் திருப்பணி உபயகாரர் பட்டியல் என்றால் ஒத்துக்கொள்வேன். தட்சணை என்று சொல்ல மாட்டேன்.

மச்சாள் சொல்வது பொய்யில்லை. இங்கிலாந்தில் பள்ளிக்கூட வருடம் ஜூலையில் முடியும்போது பிள்ளைகள் வாழ்த்து அட்டையும் சொக்லேற்றும் கொண்டுபோவார்கள். பெற்றோர் சேர்ந்து காசு போட்டு வாங்குவதும் உண்டு, அது பற்றி அங்கேயும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் ஆரம்பப் பள்ளிகளில் பெரும்பாலும் செப்டெம்பரில் பிள்ளை வேறு ஆசிரியரிடம் போய்விடும். பழைய ஆசிரியர் அந்தச் சொக்லேற்றுக்காக இனி ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் மகளுக்கோ அதே ஆசிரியையோடு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அதுவும் இந்த ஊரில் தாய் தகப்பன் நித்திரை கொள்ளாத வருடம். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்குப் பயந்த 38 குடும்பங்கள் சேர்ந்து வாங்கும் மோதிரத்தை நன்றி என்று நான் எப்படிச் சொல்வது? உங்கள் கணவர் உண்மையைச் சொல்லிவிட்டார். "வழக்காட முடியுமா" என்று கேட்டாரே, அதுதான் அந்த மோதிரத்தின் விலை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த அல்ல. அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியர் அரச ஊழியர். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் கைமாறு பற்றிப் பேசும்போது காசை மட்டும் சொல்லவில்லை, பரிசையும் சேர்த்தே சொல்கிறது. ரீச்சரை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை. ஆனால் ஆசை ஆசையாக அவருக்கு மோதிரம் போடுகிறவர்கள், அவரை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆசிரியர்களின் சம்பளம் காணாது என்பார்கள். காணாதுதான். அதற்காக அவர்களே 2021இல் மூன்று மாதத்துக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடினார்கள். கேட்டது சம்பளம், மோதிரம் அல்ல.

அந்தப் பாட்டுக்கு இன்னொரு முறை போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "உறுபொருள் கொடுத்தும்" என்பதற்கு முன்னால் "உற்றுழி உதவியும்" என்று இருக்கிறது. ஆசிரியருக்குத் துன்பம் வந்த இடத்தில் உதவுவது. குழுவில் போட்டவர் அதை வெட்டிவிட்டார். 1995 ஒக்டோபர் 30 அன்று போரினால் வலிகாமத்துச் சனம் ஊரை விட்டு வெளியேறிய இடப்பெயர்வுக்குப் பிறகு தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ஒரு சேர் இருந்தார். அவருடைய சைக்கிள் டயர் வெடித்து, அதைத் துணியால் சுற்றிக் கட்டி ஓட்டி வந்தார். அடுத்த வருடம் வலிகாமம் திரும்பியதும் அப்பா செய்த முதல் வேலைகளில் ஒன்று, எங்கள் பழைய சைக்கிளின் பின் டயரைக் கழற்றி அவர் வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு வந்தது. அப்போது நான் அவருடைய வகுப்பில் இல்லை. அப்பா அதை என்னிடம் சொல்லவும் இல்லை. சேர் இறந்த வீட்டில் அவருடைய மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. குழுவில் தர்க்கம் செய்ய வேண்டாம், அங்கே வெல்ல முடியாது. பச்சை அடையாளம் விழாத இன்னும் நாலைந்து பெயர்கள் பட்டியலில் நிச்சயம் இருக்கும். அந்தத் தாய்மாருடன் தனியே தொலைபேசியில் பேசுங்கள். பிறகு எல்லோருமாக ஒரே வரியில் எழுதுங்கள்: "நாங்கள் இதில் சேரவில்லை. பிள்ளைகள் கையால் செய்த வாழ்த்து அட்டை கொடுப்பார்கள்." காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்குப் பதில் வரும். மகள் அட்டையில், ரீச்சர் படிப்பித்ததில் தனக்குப் பிடித்த ஒரு பாடத்தைப் பற்றி நாலு வரி எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்த வேண்டாம்.

இதனால் மகளுக்கு ஒரு குறையும் வராது என்று உங்கள் கணவருக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. முன்வாங்கு கிடைக்காமல் போகலாம். அதைத் தெரிந்துகொண்டே வேண்டாம் என்கிறேன். கொடுக்க ஆசை இருந்தால், ஐந்தாம் தரம் முடிந்து விடுகைப் பத்திரம் கைக்கு வந்த பிறகு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வெற்றிலையோடு போங்கள். பெறுபேறு எப்படி இருந்தாலும் போங்கள்.

ஒன்று மட்டும் கேட்டு எழுதுங்கள். மோதிரம் என்றால் விரல் அளவு வேண்டும். அதைக் குழுவில் யாராவது ரீச்சரிடமே கேட்டு வாங்கினார்களா, இல்லை கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் குத்துமதிப்பாகப் பார்த்து வாங்கப் போகிறார்களா? அவருக்கே தெரியாமல் நடக்கிறது என்றால், அவரிடம் நேரே போய்ச் சொல்லிவிடுங்கள், அவரே நிறுத்தக்கூடும். அளவைக் கேட்டு அவரும் சொல்லியிருந்தால், "ரீச்சர் நல்லவர்" என்று நீங்கள் எழுதியதை நான் இன்னொரு தடவை வாசிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணா