தோல் சோபாவில் பெயின்ட் கறையா? தின்னரைத் தொடாதீர்கள்

சுவருக்கு அடித்த எமல்ஷன் பெயின்ட் சோபாவில் தெறித்து இரண்டு நாளாகிக் காய்ந்துவிட்டது. போகுமா? (பலமநேர் வாசகி)

போகும். காய்ந்த எமல்ஷன் தோலுக்குள் இறங்குவதில்லை, மேற்பூச்சின்மேல் ஏடாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பு விட்டு, பழைய பனியன் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, கறைமேல் ஐந்து நிமிஷம் போட்டு வையுங்கள். ஓரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். அங்கே பழைய ஏடிஎம் கார்டைப் படுக்கை வாக்கில் வைத்துத் தள்ளினால் பெயர்ந்து வரும். வராத இடத்தில் மறுபடி ஈரத்துணி. சுரண்ட வேண்டாம்.

கதவுக்கு அடித்த எனாமல் பெயின்ட் சிந்திவிட்டது. தின்னர் போட்டால் ஒரு நொடியில் போய்விடும் என்கிறார் பெயின்டர். (குடியாத்தம்)

அவர் சொல்வது சரிதான், கறை போய்விடும். சோபாவின் நிறமும் கூடவே போய்விடும்! சோபாத் தோலின் நிறம் பெரும்பாலும் மேலே ஸ்பிரே அடித்த பூச்சுதான். நிறமி, அதைப் பிடித்து வைக்கும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன், அதற்கும் மேலே லேக்கர் என்ற காப்புப் பூச்சு. வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஃபினிஷிங் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிலவகை லேக்கரை நீர்க்க வைத்து அடிப்பதே தின்னரில்தான். காய்ந்த பிறகும் அது தின்னருக்கு இளகும். நெயில் பாலிஷ் ரிமூவரும் இதே ரகம்.

தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, கறைமேல் மட்டும் கால் மணி நேரம் வையுங்கள். எனாமல் கொஞ்சம் இளகினால் கார்டால் எடுத்துவிட்டு, சோப்புத் துணியால் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். அதற்கும் அசையாத புள்ளி ஒன்றிரண்டு நின்றால் விட்டுத் தள்ளுங்கள். தோலுக்கு வண்ணம் பூசுகிறவர் அதன்மேல் அதே நிறத்தைத் தொட்டு மறைத்துவிடுவார்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது சுண்ணாம்பு பட்டுவிட்டது. (குப்பம்)

தோல் பதனிடும் ஷெட்டில் ரோமம் கழற்றவே தோலைச் சுண்ணாம்புக் குழியில் போடுவார்கள். அத்தனை காரம் அது. முதலில் தண்ணீர் காட்டாமல், மெல்லிய பிரஷால் பொடியைத் தட்டி எடுங்கள். அப்புறம் ஈரத்துணியை மாற்றி மாற்றித் துடைத்து, ஃபேன் காற்றில் உலர விடுங்கள். வெயில் வேண்டாம்.

எங்கள் சோபா தோலா, ரெக்சினா? (சித்தூர்)

மற்ற மூவரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சோபாவைக் கவிழ்த்து, ஸ்டேப்பிள் அடித்த ஓரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். நெசவு தெரிந்தால் ரெக்சின், நார் நாராக இருந்தால் தோல். ரெக்சினுக்கும் தின்னர் ஆகாது.

தோல் என்றால் மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் மேற்பூச்சு உண்டு, மேலே சொன்னதைச் செய்யலாம். உறிஞ்சிக் கருத்தால் அது பூச்சில்லாத தோல். எண்ணெய் பட்டால் அதுவே நிரந்தரக் கறையாகிவிடும். அதை வீட்டில் கைவைக்காமல் தோல் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.